மருத்துவர் உதவியாளர் மாணவர்கள்: மருத்துவ ஆய்வும் சமுதாயப் பணியும்

மருத்துவர் உதவியாளர் என்பவர் மருத்துவரின் மேற்பார்வையிலோ, மருத்துவரோடு இணைந்தோ நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, சிகிச்சை அளிக்கப் பயிற்சி பெற்றவர். மருத்துவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்கும் அலுவலக உதவியாளரோ, மருந்து கட்டும் பணியாளரோ அல்லர். அமெரிக்காவில் 1965-இல் தொடங்கிய இத்தொழில் இன்று அங்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுள்ளது. இவர்களை உருவாக்கும் கல்வித் திட்டங்கள் 300-ஐத் தாண்டிவிட்டன.

இக்கல்வியில் வகுப்பறைப் பாடத்துக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் அப்பால் சமுதாயப் பணி, மருத்துவ ஆய்வு என்னும் இரண்டு கூறுகள் உள்ளன. இவை பாடத்திட்டத்தில் பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டவை போலத் தோன்றலாம். இத்தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் அவை இரண்டும் தொடக்கத்திலிருந்தே உடன் வந்தவை என்பது விளங்கும். மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு மருத்துவம் சென்று சேர வேண்டும் என்ற தேவை இத்தொழிலைப் பெற்றெடுத்தது. அப்படிச் சென்று சேரும் மருத்துவம் தரத்தில் குறைந்ததா என்ற கேள்வி ஆய்வைக் கட்டாயமாக்கியது.

தோன்றிய சூழல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மருத்துவர்களில் பலர் தனித்துறை வல்லுநர்களாகிப் பெருநகரங்களில் தங்கினர். சிற்றூர்களில் பொது மருத்துவர்களின் எண்ணிக்கை குறைந்தது. 1965-இல் முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிகெய்ட் என்னும் இரு அரசுத் திட்டங்கள் சட்டமாயின. அதுவரை மருத்துவரிடம் செல்ல வசதியில்லாதிருந்த பல இலட்சம் பேர் சிகிச்சை கேட்டு வரத் தொடங்கினர். பார்க்க வேண்டிய நோயாளிகள் பெருகினர், பார்க்கும் கைகள் போதவில்லை.

மறுபுறம், படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள் ஆண்டுதோறும் ஓய்வுபெற்று ஊர் திரும்பினர். போர்க்களத்தில் காயம் கட்டி, மருந்து கொடுத்து, உயிர் காத்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் படையை விட்டு வெளியே வந்தால் அந்த அனுபவத்துக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. இவர்களைப் பயிற்றுவித்து மருத்துவர்களுக்குத் துணையாக்கலாம் என்று சார்ல்ஸ் ஹட்சன் என்னும் மருத்துவர் 1961-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் எடுத்துரைத்தார்.

கார்லண்ட் சிற்றூரும் டியூக் பல்கலைக்கழகமும்

வட கரோலினா மாநிலத்தில் கார்லண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கு ஏமோஸ் ஜான்சன் என்னும் பொது மருத்துவர் பணியாற்றினார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் ஹென்றி லீ டிரெட்வெல் என்ற கறுப்பினத்தவர். கல்லூரிப் பட்டம் ஏதும் இல்லாத டிரெட்வெல்லுக்கு ஜான்சனே பல ஆண்டுகள் வேலை கற்றுக்கொடுத்தார். ஜான்சன் மருத்துவ மாநாடுகளுக்காக வெளியூர் சென்ற நாள்களில் மருத்துவமனையைக் கவனித்துக்கொண்டவர் டிரெட்வெல். நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த அந்தக் காலத்தில் அவ்வூர் மக்கள் அவரை நம்பி வந்தனர்.

இந்த ஏற்பாட்டை அறிந்திருந்தவர்களில் ஒருவர் டியூக் பல்கலைக்கழகத்தின் பொது மருத்துவத் துறைத் தலைவர் யூஜின் ஸ்டெட். தகுதியும் ஆர்வமும் உள்ள ஒருவருக்கு முறையாகக் கற்பித்தால் மருத்துவரின் வேலையில் பெரும்பகுதியை அவர் செவ்வனே செய்ய முடியும் என்று அவர் கருதினார். 1950-களின் இறுதியில் தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியர் ஆசிரியருடன் சேர்ந்து அனுபவமுள்ள செவிலியர்களுக்கு உயர்நிலை மருத்துவப் பயிற்சி தர அவர் முயன்றார். செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பு அதற்கு ஒப்புதல் தரவில்லை. அதன் பின்னரே அவர் படையிலிருந்து வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

1965 அக்டோபரில் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்த நால்வருடன் டியூக்கில் ஈராண்டுப் பயிற்சி தொடங்கியது. அவர்களில் மூவர் 1967 அக்டோபர் 6 அன்று தேர்ச்சி பெற்று வெளியேறினர். அது ஸ்டெட்டின் பிறந்தநாளும் ஆகும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் மருத்துவர் உதவியாளர் வாரம் அந்த நாளில்தான் தொடங்குகிறது.

தொடக்கத்தில் இது ஆண்களின், அதுவும் படையிலிருந்து வந்தவர்களின் படிப்பாகவே எண்ணப்பட்டது. டியூக் மருத்துவமனையில் செவிலியராக இருந்த ஜாய்ஸ் நிக்கல்ஸ் இடம் கேட்டபோது படைப்பணி அனுபவம் உள்ளவர்களுக்கான படிப்பு இது என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் விடவில்லை. 1970-இல் தேர்ச்சி பெற்று இத்தொழிலின் முதல் பெண்மணியானார். கறுப்பினத்தவரான அவர் பின்னர் டர்ஹாம் நகரின் லிங்கன் சமுதாய நலவாழ்வு மையத்தில் வறிய மக்களுக்கு நெடுங்காலம் சேவை செய்தார். இன்று அமெரிக்காவில் மருத்துவர் உதவியாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

ஊரோடு சேர்ந்த கல்வி

அதே 1965-இல் கொலராடோவில் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் செவிலிய மருத்துவர் பயிற்சியைத் தொடங்கியிருந்தனர். 1968-இல் மேற்கு வர்ஜினியாவின் ஆல்டர்சன் பிராடஸ் கல்லூரியில் ஹு மையர்ஸ் என்ற மருத்துவர், படைப்பணி அனுபவம் இல்லாத மாணவர்களும் சேரக்கூடிய இளநிலைப் பட்டப் படிப்பாக மருத்துவர் உதவியாளர் கல்வியை அமைத்தார்.

சமுதாயப் பணியைக் கல்வியின் மையத்தில் வைத்தவர் ரிச்சர்ட் ஸ்மித். அமெரிக்க அமைதிப் படையின் மருத்துவராக நைஜீரியாவில் பணியாற்றியவர் அவர். பின்னர் மெடிகேர் பணம் பெறும் மருத்துவமனைகளில் நிறவேற்றுமையை ஒழிக்கும் அரசுப் பணியிலும் முக்கியப் பங்கு வகித்தார். 1969-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் மெடெக்ஸ் என்னும் திட்டத்தை அவர் தொடங்கினார். முதல் அணியில் படையிலிருந்து வந்த 15 பேர் சேர்ந்தனர்.

மெடெக்ஸ் முறை டியூக் முறையிலிருந்து வேறுபட்டது. மாணவர்கள் சில மாதங்களே பல்கலைக்கழகத்தில் படித்தனர். மீதிக் காலம் முழுவதும் சிற்றூர்ப் பொது மருத்துவர் ஒருவரிடம் தங்கிப் பயின்றனர். எந்த ஊரில் மருத்துவர் தனியாகத் திணறினாரோ அந்த ஊருக்கே மாணவர் அனுப்பப்பட்டார். ஒரு வகையில் இது நம் ஊர் வைத்தியர் வீட்டில் தங்கிக் கற்ற பழைய முறையை ஒத்தது. மாணவர் ஊர் மக்களை அறிந்தார். மக்களும் அவரைப் பழகிப் பார்த்து நம்பினர். படிப்பு முடிந்தபின் அதே ஊரில் வேலையும் கிடைத்தது.

1977-இல் ஊரக மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் நிறைவேறியது. மருத்துவர் உதவியாளரோ செவிலிய மருத்துவரோ அளிக்கும் சிகிச்சைக்கும் மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்கள் பணம் தர அது வழி செய்தது. நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் ஊர்ப்புறச் சேவை நீடித்திருக்காது. ஊதியம் உறுதியானபோதுதான் சேவை ஒரு தொழிலாக வேரூன்றியது.

இன்றைய கல்வி அமைப்பு

அமெரிக்காவில் இப்போது மருத்துவர் உதவியாளர் படிப்பு பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடைபெறும் முதுநிலைப் படிப்பு. ஏறக்குறைய முதல் பாதியில் உடற்கூறு, உடலியங்கியல், நோயியல், மருந்தியல் போன்ற பாடங்கள் நடத்தப்படுகின்றன. அடுத்த பாதி மருத்துவப் பயிற்சி. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகளிர் நலம், அவசர சிகிச்சை, மனநலம் ஆகிய துறைகளில் மாணவர் மாறி மாறிப் பணியாற்றுகிறார். இப்பயிற்சி 2,000 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. படிப்பு முடிந்ததும் தேசியத் தேர்வு எழுதவேண்டும். முதல் தேசியத் தேர்வு 1973-இல் நடைபெற்றது.

இத்தொழிலுக்கென உள்ள பை ஆல்ஃபா என்னும் மதிப்புக் கழகம், கல்வித் தேர்ச்சி, தலைமைப் பண்பு ஆகியவற்றோடு ஆய்வையும் சமுதாயப் பணியையும் பார்த்தே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. நல்ல மதிப்பெண் மட்டும் நல்ல மருத்துவர் உதவியாளருக்குச் சான்றாகாது என்பது இதன் பொருள்.

வயல்வெளியில் சமுதாயப் பணி

ஜார்ஜியா மாநிலத்தின் தென்பகுதி காய்கறி, பழம், புகையிலை விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கு வயல்களில் வேலை செய்கின்றனர். பலருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை, ஆங்கிலம் தெரியாது. மருத்துவமனை திறந்திருக்கும் பகல் நேரத்தில் வயலில் இருப்பார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும்.

அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழக மருத்துவர் உதவியாளர் துறை 1996-இல் இவர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் தென் ஜார்ஜியாவுக்குச் சென்று, தொழிலாளர் தங்கும் இடங்களுக்கும் வயல்களுக்கும் அருகிலேயே மருத்துவ முகாம் அமைக்கின்றனர். வேலை முடிந்து தொழிலாளர் திரும்பும் மாலை வேளைகளில் முகாம் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் உடன் இருக்கின்றனர். ஒருமுறை வந்து போன முகாமாக இல்லாமல் ஆண்டுதோறும் தொடர்வதே இத்திட்டத்தின் சிறப்பு.

இத்தகைய இடத்தில் மாணவர் கற்கும் பாடம் மருத்துவமனையில் கிடைக்காதது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வயலிலிருந்து வந்த ஒருவர் வாந்தி, தலைச்சுற்றல், களைப்பு என்கிறார். வெயிலின் தாக்கம் என்றே முதலில் தோன்றும். ஆனால் அவர் அன்று காலை பனியில் நனைந்த புகையிலை இலைகளைப் பறித்திருந்தால் வேறொரு காரணமும் இருக்கலாம். ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் நஞ்சு தோல் வழியாக உடலுக்குள் செல்லும். இதனைப் பசும்புகையிலை நோய் என்பர். அறிகுறிகள் வெயில் நோயை ஒத்திருப்பதால் எளிதில் தவறாகக் கணிக்கப்படும். இன்று என்ன வேலை செய்தீர்கள், எந்தப் பயிரைத் தொட்டீர்கள் என்று கேட்டால்தான் நோய் பிடிபடும். நோயாளியின் வாழ்க்கையைக் கேட்டறிவதும் நோயறிதலின் பகுதி என்பதை மாணவர் இங்கே கைகண்டு கற்கிறார்.

நகரங்களில் இப்பணி வேறு வடிவம் கொள்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் 2005-இல் ஓர் இலவச மருத்துவ நிலையத்தைத் தொடங்கினர். மருத்துவம், செவிலியம், பொதுநலம், மருத்துவர் உதவியாளர் ஆகிய துறைகளின் மாணவர்கள் அதைச் சேர்ந்து நடத்துகின்றனர். காப்பீடு இல்லாதவர்களே அதன் நோயாளிகள். தகுதி பெற்ற மருத்துவர்கள் மேற்பார்வை செய்கின்றனர். வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவர் வேலையை மற்றவர் அறிந்து மதிக்கவும் இது பழக்குகிறது.

ஆய்வு ஏன் தேவைப்பட்டது

மருத்துவர் உதவியாளர் தொழில் தோன்றிய நாளிலிருந்தே ஒரு குற்றச்சாட்டு அதைத் தொடர்ந்தது. வசதி படைத்தவருக்கு மருத்துவர், ஏழைக்கு உதவியாளர் என்று இரண்டு தரமான மருத்துவத்தை இது உருவாக்கும் என்பதே அது. இதனை ஆவேசமாக மறுப்பதால் பயனில்லை. நோயாளிகள் எப்படிக் குணமடைந்தனர், பிழைகள் எவ்வளவு நேர்ந்தன, நோயாளிகள் நிறைவடைந்தனரா என்று எண்ணிப் பார்த்தே விடை சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1986-இல் அறிக்கை வெளியிட்டது. தத்தம் பயிற்சிக்கு உட்பட்ட பணிகளில் மருத்துவர் உதவியாளர்களும் செவிலிய மருத்துவர்களும் அளிக்கும் சிகிச்சை, மருத்துவர் அளிப்பதற்கு இணையான தரமுடையது என்பது அதன் முடிவு. பயிற்சிக்கு உட்பட்ட பணிகளில் என்ற வரையறை இங்கு முக்கியம். எல்லை எது என்று அறிந்து, அதைத் தாண்டும்போது மருத்துவரை அழைப்பதும் திறமையின் ஒரு பகுதியே.

இந்தக் கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் இத்தொழிலைப் பற்றி எழுந்த கடும் விவாதத்தைத் தொடர்ந்து அரசு கேட்ட ஆய்வறிக்கை 2025-இல் வெளிவந்தது. நோயாளிகள் குழம்பாதிருக்க இணை மருத்துவர் என்று பொருள்படும் பெயரைக் கைவிட்டு உதவியாளர் என்றே அழைக்கவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழிற்சங்கமோ 2021-இல் அதற்கு நேர்மாறாக உதவியாளர் என்ற சொல்லைக் கைவிட முடிவு செய்திருந்தது. நம்பிக்கையைப் பெயரால் மட்டும் பெற முடியாது, சான்றுகளால் பெற வேண்டும் என்பதை இந்த முரண்பாடு உணர்த்துகிறது.

தொடக்க காலத்தில் இக்கல்வி சான்றிதழ் அளவிலேயே இருந்தது. படிப்படியாக இளநிலை, முதுநிலை என உயர்ந்தது. 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு சேரும் மாணவர் அனைவருக்கும் முதுநிலைப் பட்டம் வழங்கவேண்டும் என்று தர ஏற்பு அமைப்பு விதித்தது. முதுநிலைப் படிப்பு ஆனதும் ஆய்வுத் திட்டம் பல கல்லூரிகளில் படிப்பின் பகுதியாயிற்று.

மாணவர் ஆய்வு என்றவுடன் புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதாக எண்ணவேண்டியதில்லை. பெரும்பாலும் அது எளிய வடிவில் இருக்கும். முன்பே வெளியான ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடுவது ஒரு வகை. மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்துக் கணக்கெடுப்பது மற்றொரு வகை. சேவையின் தரத்தைச் சீராக்கிப் பார்ப்பது மூன்றாவது வகை. எடுத்துக்காட்டாக, முகாமில் இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேர் மறுமுறை பரிசோதனைக்கு வந்தனர் என்று ஒரு மாணவர் கணக்கெடுக்கலாம். வராதவர்களிடம் காரணம் கேட்கலாம். பேருந்து இல்லை என்பது காரணமாக இருந்தால் முகாமின் இடத்தையோ நேரத்தையோ மாற்றி, மீண்டும் கணக்கெடுக்கலாம். இங்கே ஆய்வு, சேவைக்குக் கணக்குப் பார்க்கும் வேலையைச் செய்கிறது.

அறநெறியும் எல்லையும்

ஏழைகளிடையே நடக்கும் ஆய்வுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. அமெரிக்கப் பொதுநலத் துறை 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ பகுதியில் கறுப்பின ஆண்களிடம் மேகநோய் குறித்து ஓர் ஆய்வு நடத்தியது. நோயுற்ற 399 பேரும் நோயில்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆய்வின் உண்மை நோக்கம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பென்சிலின் உரிய மருந்தென்று நிலைபெற்ற பின்பும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. இலவசப் பரிசோதனை, இலவச உணவு என்ற பெயரில் அவர்களது நம்பிக்கை பயன்படுத்திக்கொள்ளப்பட்டது.

இச்செய்தி 1972-இல் நாளேடுகளில் வெளியானது. 1974-இல் தேசிய ஆய்வுச் சட்டம் வந்தது. 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை மூன்று நெறிகளை வகுத்தது: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி காத்தல். இன்று மனிதர்களை உட்படுத்தும் மாணவர் ஆய்வும் ஆய்வு நெறிக்குழுவின் பார்வைக்குச் செல்லவேண்டும். ஆய்வில் சேர்பவர் விவரம் முழுதும் அறிந்து ஒப்புதல் தர வேண்டும். மறுத்தாலும் அவருக்கு உரிய சிகிச்சை குறையக்கூடாது.

இதே அளவுகோல் இலவச மருத்துவ முகாம்களுக்கும் பொருந்தும். மாணவர்கள் கைப்பழக்கம் பெறுவதற்கு ஏழையின் உடல் பயிற்சிக் களமாகிவிடக் கூடாது. மாணவர் தம்மை மாணவர் என்று சொல்லவேண்டும். தேர்ந்தவர் ஒருவர் ஒவ்வொரு நோயாளியையும் சரிபார்க்கவேண்டும். கண்டறிந்த நோய்க்குத் தொடர் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டவேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மருந்துக்கு வழி சொல்லாத முகாம், நோயாளிக்குக் கவலையை மட்டும் கொடுத்து அனுப்புகிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளில் எல்.எம்.பி. என்ற குறுகிய காலப் படிப்பு முடித்த மருத்துவர்கள் ஊர்ப்புறங்களில் தொண்டாற்றினர். 1946-இல் போர் குழு நாடு முழுவதும் ஒரே தரமான மருத்துவப் பட்டமே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி அப்படிப்பு மெல்ல மறைந்தது. தரம் உயர்ந்தது. ஆனால் ஊர்ப்புறங்களில் இருந்த வெற்றிடம் எளிதில் நிரம்பவில்லை.

இந்தியாவில் மருத்துவர் உதவியாளர் படிப்பு முதன்முதலில் தொடங்கியது சென்னையில்தான். இதய அறுவைச் சிகிச்சை வல்லுநர் கே. எம். செரியன் 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் இதனைத் தொடங்கினார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது இளநிலை அறிவியல் பட்டப் படிப்பாக நடைபெறுகிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மருத்துவர் இல்லாத சிற்றூரின் தேவை இத்தொழிலை வளர்த்தது. இங்கே நகரப் பெருமருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் வளர்த்தன. ஆகவே இங்குள்ள மாணவர்களுக்கு ஊர்ப்புற மக்களோடு பழகும் வாய்ப்பு பாடத்திட்டத்தில் தானாக அமைவதில்லை. முகாம்களும் களப்பணியும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியவை.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மருந்து சென்று சேர்கிறது. மருந்து வாங்கியவர் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, பாதியில் நிறுத்தினால் ஏன் நிறுத்துகிறார் என்பன போன்ற கேள்விகள், நெறிக்குழுவின் ஒப்புதலோடு மாணவர்கள் ஆராயத் தக்கவை. பெரும் பணமோ கருவிகளோ தேவையில்லாத, ஆனால் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வுகள் இவை.

வரலாறு காட்டுவது

கார்லண்ட் ஊரில் டிரெட்வெல்லிடம் பட்டம் இல்லை, மக்களின் நம்பிக்கை இருந்தது. டியூக் பல்கலைக்கழகம் அந்தப் பணிக்கு முறையான கல்வியைக் கொடுத்தது. மெடெக்ஸ் அக்கல்வியை ஊருக்குக் கொண்டுபோயிற்று. பின்னர் வந்த ஆய்வுகள் அப்பணியின் தரத்துக்குச் சான்று தந்தன, அதன் எல்லையையும் காட்டின. சேவை மட்டும் இருந்து ஆய்வு இல்லாவிட்டால் செய்த உதவி பலித்ததா என்று தெரியாது. ஆய்வு மட்டும் இருந்து சேவை இல்லாவிட்டால் நோயாளி வெறும் எண்ணாகிவிடுவார். இவ்விரண்டையும் மாணவப் பருவத்திலேயே சேர்த்துக் கற்பிக்கக் காரணம் இதுவே. தென் ஜார்ஜியாவின் வயலோரத்தில் மாலை நேரத்தில் வரிசையில் நிற்கும் தொழிலாளிக்குக் கிடைக்கும் சிகிச்சை, நகரத்துப் பெருமருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சைக்குத் தரத்தில் குறையக்கூடாது. இக்கல்வியின் வெற்றியை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.